பங்குக் கிணறும் தொலைபேசியும்

சென்ற கிழமை ஒரு மாலை வேளையில், மானிப்பாயில் எமது ஒழுங்கையின் முகப்பில் வசிக்கும் மூதாட்டியார் ஒருவர், கையிலே சிறு தொலைபேசியும் முகத்திலே பெருங் கவலையுமாக எம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, பேரன் நூறு ரூபா போட்டுவிட்டவன். நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. காசு மட்டும் போயிட்டுது. இதை ஆரிட்டைச் சொல்லுறது?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அவர் கேளாத ஏதோவொரு சேவை அவர் பெயரிற் பதிவாகி, நாள்தோறும் பணம் கழிந்துகொண்டிருந்தது. அதனை நிறுத்திக் கொடுத்தேன். அவரும் வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். ஆயினும் அவர் விடுத்த வினா என்னை விட்டுப் போகவில்லை. "இதை யாரிடம் சொல்லுவது?" நூறு ரூபாயைப் பற்றிய வினாவாகத் தோன்றினாலும், ஆழ்ந்து நோக்கின் அஃது ஆட்சிமுறையைப் பற்றிய வினாவேயாகும்.

விடை காணப் புகுமுன் நேயர்களைப் பங்குக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். வற்றாத ஆறில்லாத எமது குடாநாட்டிலே கிணறே உயிர். காணியுறுதி எழுதும்போது நிலத்தோடு கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் சேர்த்தெழுதுவது எம்மவர் வழக்கம். துலா மிதித்து இறைத்த காலத்திலும் சரி, இயந்திரம் வைத்து இறைக்கும் இக்காலத்திலும் சரி, பங்குக் கிணறு பகையின்றி நடைபெற மூன்று ஒழுங்குகள் வேண்டும். ஒன்று, இன்னாருக்கு இன்ன நாள் என்னும் இறைப்பு முறை. இரண்டு, ஒருவர் காணியூடாக மற்றவரின் நீர் தடையின்றி ஓட வாய்க்கால். மூன்று, வழக்கு வந்தால் தீர்த்துவைக்க ஊர்ப் பெரியவர். அப்பெரியவர் அந்தக் கிணற்றிற் பங்கில்லாதவராக இருத்தல் வேண்டும். தானும் பங்காளியாக இருந்துகொண்டு தானே தீர்ப்புஞ் சொல்லுபவரை எவர் நம்புவர்?

தொலைத்தொடர்புத் துறையும் இத்தகைய ஒரு பங்குக் கிணறே. ஒலியைச் சுமந்து செல்லும் வானலைகள் அளவுக்குட்பட்டவை. ஒரே அலைவரிசையை இருவர் ஒரே இடத்திற் பயன்படுத்தின் இருவர் பேச்சுங் குழம்பும். எனவே அவற்றைப் பங்கிடவேண்டும். அதுவே இறைப்பு முறை. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரோடு பேசுவதற்கு இரண்டு வலையமைப்புகளும் இணைதல் வேண்டும், அதுவே வாய்க்கால். பெரிய நிறுவனம் வாய்க்காலை அடைத்துவிட்டாற் சிறியது வாடி மடியும். எஞ்சியது நடுவர். இலங்கை தன் நடுவரை எவ்வாறு தேடிற்று என்பதே இவ்வாரக் கதை.

1858ஆம் ஆண்டில் கொழும்பையும் காலியையும் தந்திக் கம்பி இணைத்த நாள்முதல் நெடுங்காலம் இத்துறை முற்றிலும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே திணைக்களத்தின் பணிகள். 1980இல் தொலைத்தொடர்பு தனித் திணைக்களமாகப் பிரிந்தது. எனினும் கிணறும் அவர்களதே, துலாவும் அவர்களதே, தீர்ப்பும் அவர்களதே. ஓர் இணைப்புக்கு விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். 1990ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிதானும் இருக்கவில்லை.

முதல் மாற்றம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தோடு வந்தது. சேவை நடத்தும் பணி கூட்டுத்தாபனம் ஒன்றிடம் சென்றது. உரிமம் வழங்கி மேற்பார்வை செய்யும் பணி தொலைத்தொடர்புப் பணிப்பாளர் நாயகத்திடம் சேர்ந்தது. இறைப்பவர் வேறு, தீர்ப்பவர் வேறு என்ற கொள்கை அன்று பிறந்தது. 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அத்தனி அதிகாரியின் இடத்தில் ஐவர் கொண்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவை அமைத்தது. இதற்கிடையில் 1989இல் செல்ரெல் தொடக்கிவைத்த கைத்தொலைபேசிச் சேவையில் 1995ஆம் ஆண்டளவில் நான்கு நிறுவனங்கள் போட்டியிட்டன. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் நூற்றுக்கு 35 பங்குகளை யப்பானிய நிறுவனமொன்று வாங்கியது. வெளிநாட்டு அழைப்புகளை நடத்தும் தனியுரிமை மட்டும் 2002 ஓகஸ்டு வரை ரெலிகொம்மிடமே இருந்தது.

இச்சட்டங்கள் கொழும்பிலே இயற்றப்பட்ட காலத்தில் எமது நிலை யாது? 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்துபோயின. கடல் கடந்த மகனின் குரலைக் கேட்பதற்காகத் தாய்மார் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணமாயினர்; ஐந்து நிமிடப் பேச்சுக்காக விடுதிகளில் நாட்கணக்கிற் காத்திருந்தனர். 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. கைத்தொலைபேசி குடாநாட்டினுள் வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டிலேதான் வெளிநாட்டு அழைப்பின் தனியுரிமையும் முடிவுற்றது. அடுத்த ஆண்டில் வேறு பல நிறுவனங்கள் அதற்கான உரிமம் பெற்றன. கட்டணம் பெரிதும் வீழ்ந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் எம்மூர்த் தாய்மாருக்குச் சீர்திருத்தம் என்னுஞ் சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. இன்று நாட்டின் மக்கட்டொகையினும் கைத்தொலைபேசி இணைப்புகளின் தொகை மிகுதி. இந்த நன்மையை மறப்பது நன்றியன்று.

ஆயின் நடுவரின் இருக்கை எத்தகையது? 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபடி அமைச்சின் செயலாளரே ஆணைக்குழுவின் தலைவர். பணிப்பாளர் நாயகம் ஓர் உறுப்பினர். சட்டம், நிதி, முகாமை ஆகிய துறைகளிலிருந்து ஏனைய மூவரையும் நியமிப்பவர் அமைச்சர். மறுபுறத்தில், ரெலிகொம் நிறுவனத்தின் ஏறக்குறைய அரைவாசிப் பங்குகள் அரசாங்கத்திடம் உள்ளன. பங்காளியின் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்துக் கூடுகிறது என்பதன்றி வேறென்ன சொல்வது!

இதன் விளைவு வெறும் ஏட்டுக் குறையாக நிற்கவில்லை. 2015 சனவரி சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாய், விகாரைகளிற் சில் அனுட்டிப்போருக்குத் துணி வழங்கச் செலவிடப்பட்டது. அதுபற்றிய வழக்கில் 2017இல் கொழும்பு மேல் நீதிமன்றம் உயர் அதிகாரிகள் இருவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றத்தின் பாற்பட்டது. தொலைபேசிப் பாவனையாளரின் நலன் காக்க எழுந்த ஓர் அமைப்பின் பணம் துணிக்குச் செல்லும் வழி இருந்ததே, அதுவே நாம் சிந்திக்கவேண்டியது. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி, மக்கள் போராட்ட வேளையில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் இவ்வாணைக்குழுவே சமூக ஊடகங்களை முடக்கியதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாய்க்காலைக் காக்கவேண்டிய கையே வாய்க்காலை அடைத்த நாள் அது.

அயல்நாடான இந்தியா 1997இல் தன் ஒழுங்குமுறை ஆணையத்தை நிறுவியது. சேவை நடத்துவதும் உரிமம் வழங்குவதும் ஒரே திணைக்களத்திடம் இருந்தமையால் பிணக்குகள் மலிந்தன. மூன்றாண்டுகளுக்குள் சட்டத்தைத் திருத்தி, வழக்குத் தீர்க்கும் அதிகாரத்தை ஆணையத்திடமிருந்து பிரித்து, 2000இல் தனித் தீர்ப்பாயமொன்றிடம் ஒப்படைத்தது. அங்கும் குறைகள் உண்டு. எனினும் விதி வகுப்பவரும் வழக்குக் கேட்பவரும் ஒருவராக இருத்தலாகாது என்ற பாடத்தை அந்நாடு விரைந்து கற்றுக்கொண்டது.

எமது நாட்டிலோ 1996இன் பின்னர் 28 ஆண்டுகள் கழிந்தே, 2024 யூலையில், அடுத்த பெருந் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. புதிய வகை உரிமங்களுக்கு அது இடமளித்தது. ஓகஸ்டு மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனம் உரிமம் பெற்று, 2025 யூலையிற் செய்மதி வழி இணையச் சேவையைத் தொடக்கிற்று. கிணற்றுக்குப் புதுப் பங்காளிகள் வருகிறார்கள், வரட்டும். பங்காளிகள் பெருகப் பெருக நடுவரின் நேர்மையும் பெருகவேண்டும் அல்லவா? கைத்தொலைபேசித் துறையில் ஒருகாலத்தில் ஐந்தாக இருந்த நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்து இன்று மூன்றாகக் குறைந்திருக்கும் வேளையில், இத்தேவை முன்னையிலும் மிகுதி.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. சீர்திருத்தம் என்றவுடன் தனியார்மயம், போட்டி, விலைக்குறைவு என்பவற்றையே எழுதிப் பழகியிருக்கிறீர்கள். அவை பாதிதான். நடுவரை நியமிப்பவர் யார், நீக்குபவர் யார், அவர் கைப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த நாட்டின் எந்தச் சீர்திருத்தத்தையும் அவ்வினாக்களைக் கொண்டு அளந்து பார்க்கலாம்.

மூதாட்டியாரின் முறைப்பாட்டை எழுதி ஆணைக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். கையொப்பம் வைக்குமுன் அவர் மீண்டும் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இவை அந்தக் கொம்பனிக்காரருக்குச் சொந்தக்காரரோ?"

இல்லையென்று உறுதியாகச் சொல்லக்கூடிய நாளே சீர்திருத்தம் நிறைவெய்தும் நாள்.