ராக்கெட் வேடிக்கை இலவசமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிறது என்றால் சென்னையில் மொட்டை மாடிகளில் ஆட்கள் ஏறிவிடுவார்கள். 80 கிலோமீட்டர் தள்ளி என்ன தெரியும்? ஒரு நெருப்புப் பொட்டு, பின்னாலேயே ஒரு வெள்ளைக் கோடு. சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கே கைதட்டல், விசில், செல்போன் வீடியோ. தப்பே இல்லை. 44 மீட்டர் உயர பி.எஸ்.எல்.வி. 320 டன் எடையோடு எழும்பினால் யாருக்குத்தான் சிலிர்க்காது? கிட்டே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2019 முதல் அங்கேயே பார்வையாளர் மாடமும் இருக்கிறது. பேரைப் பதிவு செய்தால் போதும், காசு கிடையாது.

காசு கிடையாதா? விஷயமே அங்கேதான் இருக்கிறது...

ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருக்கிற தீவு. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். படகும் கரையில், வலையும் கரையில். அன்றைக்கு அடுப்பு எரிய என்ன வழி?

தடையே வேண்டாம் என்று யாரும் வாதாட முடியாது. 2010 டிசம்பர் 25 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்-06 கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சிதறிக் கடலில் விழுந்தது. ஒழுங்காகப் போகிற ராக்கெட்டும் எரிந்து முடிந்த பாகங்களைக் கடலில்தான் கழற்றிப் போடும். கீழே படகு இருந்தால்? ஆகவே தடை சரி. அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

"நாட்டுக்காக ஒரு நாள் பொறுக்கக்கூடாதா?" என்று மாடியில் நின்று கேட்பது சுலபம். கேட்பவருக்கு அன்றைய சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கமாட்டார்கள். (ராக்கெட் விடுகிற விஞ்ஞானிக்கும்தான்!) அதுவும் ஒரே நாளோடு முடிகிற கதையா? சந்திரயான்-2ஐ 2019 ஜூலை 15 அதிகாலை, கிளம்ப 56 நிமிஷம் இருக்கும்போது நிறுத்திவிட்டு 22ஆம் தேதிதான் ஏவினார்கள். இப்படி ஒத்திவைத்தால் வேடிக்கை பார்ப்பவருக்குத் தூக்கம் போனது, அவ்வளவுதான். மீனவருக்கு இன்னொரு நாள் பிழைப்பு போகிறது.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேடவேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தமிழக அரசு நிவாரணம் கொடுக்கிறது. மீன் பெருகுவதற்காகக் கடலுக்குப் போகாதே என்றால் பணம் உண்டு. ராக்கெட்டுக்காகப் போகாதே என்றாலும் அதே நியாயம்தானே? ஒத்திவைத்த நாளையும் சேர்த்து, படகில் கூலிக்குப் போகிறவர் வரைக்கும், நாள் கணக்கில் கொடுக்கவேண்டும். ஒரு ராக்கெட்டுக்கு ஆகிற செலவோடு பார்த்தால் இது சுண்டைக்காய்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கேயும் கடல், அங்கேயும் மீனவர்கள். அங்கே மாடி ஏறிக் கைதட்டப் போகிறவர்கள், கடலுக்குப் போகாத நாளுக்கு என்ன கூலி என்று இப்போதே கேட்கட்டும். முதல் ராக்கெட் போன பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.