அகல உழுத பேராசிரியர்

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்பது உழவர் சொன்ன பழமொழி. இன்று அதை உழவரைவிட அதிகமாகச் சொல்பவர்கள் பேராசிரியர்கள். ஒரு காலகட்டம், ஒரு வட்டாரம், ஒரு கட்டு ஆவணம். அதற்குள் நின்று தோண்டு, எல்லை தாண்டினால் பெயர் கெடும் என்பது வரலாற்றுத் துறைகளில் எழுதப்படாத சட்டம்.

இந்தச் சட்டத்துக்குக் கிளைகளும் உண்டு. ஒரு நாட்டின் சரித்திரத்தை மண்ணின் மைந்தர்தான் எழுத முடியும். பொது வாசகருக்கு எழுதுபவர் ஆய்வாளராக நிலைக்க மாட்டார். எழுதினாலும் வாசகரின் பெருமையைத் தடவிக் கொடுத்துத்தான் எழுத வேண்டியிருக்கும். நடுவில் துறை மாறியவர் இரண்டு துறையிலும் அரைகுறை. ஓய்வுக்குப் பின் எழுதுவது பொழுதுபோக்கு. இந்த ஐந்தையும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்பவர்கள் ஏராளம். டி.சி. ஸ்மவுட் என்ற ஸ்காட்லாந்துச் சமூக வரலாற்றாசிரியரின் பணி வாழ்க்கையை எதிரே வைத்தால் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. "மண்ணின் மைந்தர்தான் எழுத முடியும்"

கிறிஸ்டபர் ஸ்மவுட் 1933இல் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். படித்தது கேம்பிரிட்ஜில். 1959இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தபோது அவர் அந்த நாட்டுக்கு வெளியாள். எடின்பரோவில் ஸ்காட்லாந்து வரலாற்றுக்கென்று தனித் துறை இருந்தது; அவர் நுழைந்தது அதன் வழியாக அல்ல, பொருளாதார வரலாற்றுத் துறை வழியாக. 1970இல் அங்கேயே பேராசிரியரானார். 1980இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்து வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கே அவரை அழைத்துக்கொண்டது. 1993இல், 17ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட 'அரச வரலாற்றாசிரியர்' என்ற பதவியும் வந்தது.

வெளியாள் என்பதால் என்ன கெட்டுப்போனது? முதல் நூலையே சோதித்துப் பார்க்கலாம். 1707இல் ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு இங்கிலாந்தோடு இணைந்தது. கையூட்டு வாங்கி நாட்டை விற்றார்கள் என்று ஒரு சாரார், தொலைநோக்கோடு முடிவெடுத்தார்கள் என்று இன்னொரு சாரார். சண்டை தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1963இல் வந்த 'இணைப்புக்கு முந்தைய ஸ்காட்லாந்து வணிகம், 1660–1707' சுங்கப் பதிவேடுகளையும் வணிகர்களின் கடிதங்களையும் இந்தச் சண்டைக்குள் கொண்டுவந்தது. 1700 வாக்கில் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி இங்கிலாந்துக்கே போனது என்று அந்தக் கணக்கு காட்டியது. 1705இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பேச்சுவார்த்தைக்கு வராவிட்டால் லினன் துணி, மாடு, நிலக்கரி ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்துவோம் என்று மிரட்டியது. அந்த மிரட்டல் எங்கே வலித்திருக்கும் என்பது பதிவேட்டைப் பார்த்தால் புரியும்.

இதனால் விவாதம் முடிந்துவிடவில்லை. கையூட்டுக் கட்சி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வணிகக் கணக்கைத் தொடாமல் 1707 பற்றிப் பேசுவது அதன்பின் கடினமானது.

ஸ்மவுட் விதிவிலக்கும் அல்ல. எடின்பரோவில் சமூக வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ரோசலிண்ட் மிட்சிசன் பிறந்தது மான்செஸ்டரில். அதே வேளையில், இந்தத் துறையின் இன்னொரு பெரிய பெயரான டாம் டெவைன் ஸ்காட்லாந்தின் மதர்வெல் நகரத்துக்காரர். உள்ளூர்க்காரரும் நன்றாக எழுதியிருக்கிறார், வெளியூர்க்காரரும் நன்றாக எழுதியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழுக்கு இதில் வேலை இல்லை.

2. "பொது வாசகருக்கு எழுதுபவர் ஆய்வாளர் அல்ல"

1969இல் வெளிவந்த 'ஸ்காட்லாந்து மக்களின் வரலாறு, 1560–1830' ஸ்மவுட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நூல். கடையில் வாங்கி வீட்டில் வைத்துப் படிக்கிற புத்தகம். அதுவரை ஸ்காட்லாந்து சரித்திரம் என்றால் அரசி மேரியும் இளவரசர் சார்லியும்தான். இந்த நூல் அரசர்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, குத்தகை விவசாயி, நெசவாளி, கிராமப் பள்ளி ஆசிரியர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஆகியோரை நடுவில் உட்காரவைத்தது.

சுரங்கத் தொழிலாளியின் கதையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1606இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: முதலாளியின் எழுத்து அனுமதி இல்லாமல் நிலக்கரித் தொழிலாளியையும் உப்புக் காய்ச்சுபவரையும் வேறு எவரும் வேலைக்குச் சேர்க்கக் கூடாது. நடைமுறையில் அவர்கள் சுரங்கத்தோடு கட்டப்பட்டார்கள். சுரங்கம் கைமாறினால் அவர்களும் கைமாறினார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது முதலாளி ஒரு சிறு தொகையைக் கொடுப்பார். பெற்றோர் அதை வாங்கிக்கொண்டால் பிள்ளையும் அந்தச் சுரங்கத்துக்கே என்பது வழக்கம். இந்தக் கட்டு முதலில் 1775இல் தளர்ந்து, 1799இல்தான் முழுதும் அறுந்தது. டேவிட் ஹியூமும் ஆடம் ஸ்மித்தும் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்டில், அதே காலத்தில் இது நடந்தது. ஸ்காட்லாந்தின் அறிவொளிக் காலத்தைப் பற்றிப் பேசுகிற புத்தகத்திலேயே இதையும் எழுதுவது எளிமைப்படுத்தல் அல்ல.

நூலின் அடித்தளத்தில் இருந்தவையும் நாளிதழ்த் துணுக்குகள் அல்ல. 1791 முதல் 1799 வரை சர் ஜான் சின்க்ளேர் 21 தொகுதிகளாக வெளியிட்ட 'ஸ்காட்லாந்துப் புள்ளிவிவரக் கணக்கு' அவற்றில் முக்கியமானது. சின்க்ளேர் ஒவ்வொரு திருச்சபை வட்டத்துப் பாதிரியாருக்கும் நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பினார்: மக்கள்தொகை எவ்வளவு, கூலி என்ன, என்ன சாப்பிடுகிறார்கள், எரிப்பதற்கு என்ன கிடைக்கிறது. பதில்களில் சில பாதிரியார்கள் புலம்பினார்கள், சிலர் பெருமையடித்தார்கள். எது புலம்பல், எது தகவல் என்று பிரித்தெடுப்பதற்கு ஆய்வுப் பயிற்சி இல்லாமல் முடியாது.

நூலில் குறையே இல்லையா? இருக்கிறது. பெண்களின் வாழ்க்கை அதில் போதிய இடம் பெறவில்லை. மிட்சிசனும் லியா லெனமனும் பின்னர் திருச்சபைக் குழுக்களின் குறிப்பேடுகளைப் புரட்டி அந்த இடத்தை நிரப்பினார்கள். மணமாகாமல் கருவுற்ற பெண்ணைச் சபை எப்படி விசாரித்தது, என்ன தண்டித்தது என்பதெல்லாம் அந்தக் குறிப்பேடுகளில் இருந்தன. ஸ்காட்லாந்தில் எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்ற பழைய நம்பிக்கையை ஆர்.ஏ. ஹூஸ்டன் 1985இல் கடுமையாகச் சோதித்தார். அகலமான நூல் வந்தால் ஆழமான ஆய்வுகள் பின்னால் வருகின்றன. அது ஆய்வைக் கெடுத்ததாகக் காட்ட யாரிடமும் சான்று இல்லை.

ஸ்மவுட்டும் ஆழத்தைக் கைவிடவில்லை. ஏ.ஜே.எஸ். கிப்சனுடன் சேர்ந்து 1995இல் வெளியிட்ட 'விலையும் உணவும் கூலியும், 1550–1780' எண்களால் நிறைந்த புத்தகம். ஒவ்வோர் ஆண்டும் வட்டார நீதிமன்றத்தில் நடுவர் குழு கூடித் தானியத்துக்கு விலை குறிக்கும். அந்த விலைப் பட்டியல்களை அடுக்கி, கொத்தனாரும் கூலியாளும் வாங்கிய கூலியோடு ஒப்பிட்டார்கள். காலப்போக்கில் சாதாரண மக்களின் தட்டில் இறைச்சி குறைந்து ஓட்ஸ் மாவே பிரதானமானது என்று தெரிந்தது. ஓட்ஸ் கஞ்சி ஸ்காட்லாந்தின் ஆதி உணவு என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அதற்குப் பின்னால் இருந்தது வறுமை.

3. "விற்க வேண்டுமானால் வாசகரைப் புகழ வேண்டும்"

இதற்குப் பதில் 1986இல் வந்த 'ஸ்காட்லாந்து மக்களின் ஒரு நூற்றாண்டு, 1830–1950'. கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டியது, உலகுக்கு ரயில் எஞ்சின் அனுப்பியது என்று பெருமைப்பட எத்தனையோ இருந்த காலம் அது. ஸ்மவுட் எடுத்துக்கொண்டது அந்தக் கப்பலைக் கட்டியவர் எங்கே தூங்கினார் என்ற கேள்வியை. 1911 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்து மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வசித்தார்கள். இங்கிலாந்தில் அந்த அளவு சுமார் 7 சதவீதம்.

ஓரறை வீடு என்றால் சமையல், துவைத்தல், பிரசவம், நோய், சாவு எல்லாம் அந்த ஓர் அறைக்குள். ஒழுக்கத்துக்குப் பேர்போன, தேவாலயங்கள் நிறைந்த ஒரு சமூகம் இதை எப்படிச் சகித்துக்கொண்டது என்று நூல் நேராகக் கேட்கிறது. குடி, காதல், மதம், பள்ளி, தொழிலாளர் அரசியல் என்று அத்தியாயங்கள் போகின்றன. எதிலும் தேசிய பஜனை இல்லை. வாசகர்கள் அதை வாங்கிப் படித்தார்கள். பாடப் பட்டியல்களிலும் அது இடம் பிடித்தது.

4. "துறை மாறியவர் இரண்டிலும் அரைகுறை"

ஸ்மவுட்டின் பிற்காலம் காடும் கடலும் பறவையுமாகப் போனதைத்தான் இந்த வாதம் பேசுபவர்கள் முதலில் சுட்டுவார்கள். வணிகக் கணக்கு பார்த்தவருக்கு மரம் செடி கொடி எதற்கு?

விடை 1963 நூலிலேயே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நார்வேயிலிருந்து கப்பல் கப்பலாக மரம் இறக்குமதி செய்தது. நார்வே வரலாற்றிலேயே அந்த வணிகத்துக்கு ஸ்காட்லாந்தின் பெயரால் ஒரு தனி அத்தியாயம் உண்டு. அத்தனை மரத்தை ஒரு நாடு கடல் தாண்டி வாங்கியது என்றால் அதன் சொந்தக் காடு எங்கே போனது? சுங்கப் பதிவேட்டைப் படித்தவருக்குத் தானாக எழுகிற கேள்வி இது.

பொதுவாகச் சொல்லப்பட்ட பதில்: மலைநாடு முழுவதும் மாபெரும் கலிடோனியக் காடு விரிந்திருந்தது, இங்கிலாந்து இரும்பு வணிகர்கள் வந்து அதை வெட்டித் தீர்த்தார்கள். ஆலன் மக்டொனால்ட், ஃபியோனா வாட்சன் ஆகியோருடன் சேர்ந்து ஸ்மவுட் 2005இல் வெளியிட்ட 'ஸ்காட்லாந்தின் இயற்கைக் காடுகள், 1500–1920' இந்தக் கதையை ஆவணத்தால் உடைத்தது. எட்டிவ் கடற்கழிக் கரையில் உள்ள போனா இரும்பு உலையைப் பாருங்கள். வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள் 1753இல் தொடங்கியது. அது 1876 வரை, நூறாண்டுக்கும் மேல், எரிந்தது. எரியத் தேவை கரி. கரிக்குத் தேவை ஓக் மரம். சுற்றியுள்ள காட்டை ஒரேயடியாக அழித்திருந்தால் உலை சில பத்தாண்டுகளிலேயே அணைந்திருக்கும். அவர்கள் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, அடிமரத்தை விட்டுவிட்டு வெட்டி, ஆடுமாடு மேயாமல் வேலியிட்டு, மறுபடி துளிர்த்தபின் வெட்டினார்கள். காடு தேய்ந்ததற்கு ஈரமான தட்பவெப்பமும் துளிரைத் தின்ற மேய்ச்சலுமே முக்கியக் காரணங்கள். பெரும்பகுதி 1500க்கு முன்பே போய்விட்டது.

குத்தகைப் பத்திரத்தையும் வரவுசெலவுக் கணக்கையும் படிக்கத் தெரிந்த பொருளாதார வரலாற்றாசிரியர் இல்லாமல் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. சூழலியல் அறிந்தவர்களின் துணை இல்லாமலும் வந்திருக்க முடியாது.

5. "ஓய்வுக்குப் பின் எழுதுவது பொழுதுபோக்கு"

ஸ்மவுட் பேராசிரியர் பதவியிலிருந்து விலகியது 1991இல். அடுத்த ஆண்டே செயின்ட் ஆண்ட்ரூஸில் சுற்றுச்சூழல் வரலாற்று நிறுவனத்தைத் தொடங்கினார். அதே 1992 முதல் 1997 வரை, அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான 'ஸ்காட்டிஷ் நேச்சுரல் ஹெரிடேஜ்' வாரியத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ஃபோர்டு சொற்பொழிவுகளிலிருந்து 2000இல் சுற்றுச்சூழல் வரலாற்று நூலொன்று உருவானது. விலை, கூலி பற்றிய நூலும் காடு பற்றிய நூலும் வந்தது ஓய்வுக்குப் பிறகே. மைரி ஸ்டூவர்ட்டுடன் எழுதிய ஃபோர்த் கழிமுகத்தின் வரலாறு 2012இல் வெளியானது. எடின்பரோவின் ஏழையும் பணக்காரரும் சாப்பிட்ட சிப்பி, அளவுமீறி வாரப்பட்டு அந்தக் கழிமுகத்திலிருந்தே மறைந்த கதை அதில் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வாதம் மிச்சமிருக்கும்: அது வேறு காலம், 1960களில் பல்கலைக்கழகங்கள் விரிந்தன, வேலை உறுதியாக இருந்தது, இன்று எவராலும் அப்படி அலைய முடியாது. இதில் உண்மை இருக்கிறது. பிரிட்டனில் துறைகளின் ஆய்வை மதிப்பிட்டுத் தரம் பிரித்து நிதி ஒதுக்கும் முறை தொடங்கியதே 1986இல்தான். ஸ்மவுட்டின் இரண்டாவது பெரிய மக்கள் வரலாறு வெளியானதும் அதே ஆண்டு. அந்த முறை 1959லேயே இருந்திருந்தால், இளம் விரிவுரையாளர் ஒருவர் 270 ஆண்டுகளை ஒரே நூலில் எழுத உட்காருவதைத் துறைத் தலைவர் தடுத்திருக்கக்கூடும்.

ஆனால் இந்த வாதம் சொல்வது இன்றைய விதிகள் அகலத்தைத் தண்டிக்கின்றன என்பதை மட்டும்தான். அகலம் அறிவுக்குக் கேடு என்பதை அல்ல. முதலாவது நிதி ஒதுக்குபவர்கள் செய்த ஏற்பாடு. இரண்டாவதற்கு ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு அதைச் சொல்பவர்களுடையது. அவர்கள் காட்டும் பட்டியலில் சுங்கப் பதிவேட்டையும் ஓட்ஸ் விலையையும் போனா உலையின் கரிக் கணக்கையும் ஒரே ஆள் படித்ததால் எந்த முடிவு பிழையானது என்ற விவரமும் இருக்க வேண்டும்.