கொல்லிமலைத் தோட்டங்களுக்கு ஏற்ற ரோஜா

ரோஜா வைக்க விரும்பும் குடியானவர்கள் பெரிய பூவின் அழகில் மயங்கிக் கலப்பின ஒட்டுச்செடிகளை வாங்குவது இயல்பு. அச்செடிகள் ஓயாத பராமரிப்பை வேண்டுவன. மேலே ஒட்டிய பகுதி பட்டுப்போனால், அடியிலுள்ள வேர்ச்செடியே துளிர்த்து மிஞ்சும். சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள கொல்லிமலையில், வேறு வேலைகளுக்கிடையே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் குடியானவருக்கு, சொந்த வேரில் வளரும் பழைய எட்வர்டு ரோஜாவே தகுந்தது.

இச்செடி இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் தோன்றியது. அக்காலத்தில் அத்தீவுக்குப் போர்போன் என்று பெயர். அங்குள்ளோர் சீன ரோஜாவையும், ஆண்டில் இருமுறை பூக்கும் டமாஸ்க் ரோஜாவையும் சேர்த்து வேலியாக நட்டு வந்தனர். அவ்விரண்டும் இயற்கையாகக் கலந்ததால் எட்வர்டு பிறந்தது என்று கருதப்படுகிறது. 1817-இல் அத்தீவுக்கு வந்த பிரெஞ்சுத் தாவர நிபுணர் பிரேயோன் இதன் அருமையை உணர்ந்தார். 1819-இல் இதன் விதைகள் பாரிஸ் நகரை அடைந்தன. வேலியில் பிறந்த செடியை வேலிக்கே அளிப்பதுதான் முறை.

மரவள்ளி பரவியதால் சாமையும் தினையும் விளைந்த நிலம் இம்மலையில் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. எஞ்சிய தானிய நிலத்தில் ஒரு சாண்கூட ரோஜாவுக்குக் கொடுக்கலாகாது. வீட்டுக்கொல்லையின் எல்லையே போதும். ஆடு ரோஜாத் துளிரை விரும்பித் தின்னுமாதலால், இருக்கும் வேலிக்கு உட்புறமாக நடுதல் வேண்டும்.

முற்றிய தண்டின் போத்துகளை வேரூன்றச் செய்து, 45 சென்டிமீட்டர் ஆழ அகலமுள்ள குழியில் தொழுவுரமிட்டு நடலாம். ரோஜா தானே பற்றி ஏறாது. நீண்ட தண்டுகளைக் கட்டிவிட வேண்டும். நிமிர்த்திக் கட்டினால் நுனியில் மட்டும் பூக்கும். படுக்கையாக வளைத்துக் கட்டினால் கணுதோறும் பக்கக்கிளை வெடிக்கும். கிளைதோறும் பூ வரும். புதுத் துளிரின் நுனியிலேயே பூ தோன்றுவதால், கவாத்து செய்யாத செடி பூக் குன்றும். ஐப்பசி முதல் மார்கழி வரை கவாத்துக்கு உரிய காலம். நுனிக்கருகல் கண்டால், கருகிய இடத்திற்குக் கீழே வெட்டிப் போர்டோ பசை தடவவேண்டும்.

எட்வர்டின் பூ விரைவில் வாடும் என்று குறை கூறுவர். அது உண்மையே. 70 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து சந்தைக்குப் போகவேண்டிய பூவிற்கு அது சிறிய குறையன்று. ஆதலால், பேருந்துப் பாதையை ஒட்டிய ஊரார் விடியலில் பறித்து மாலைகட்டுவோருக்கு அனுப்பலாம். உள்ளூர்களில் இருப்போர் மணமுள்ள இதழ்களைச் சர்க்கரையுடன் அடுக்கடுக்காக ஜாடியிலிட்டு, வெயிலில் வைத்துக் குல்கந்து செய்து கொள்வதே இலாபகரம். உண்ணும் பொருளாகையால், அப்பூக்களில் பூச்சிமருந்து படலாகாது.

ஒட்டுச்செடியை ஒவ்வொரு முறையும் விலைகொடுத்தே வாங்கவேண்டும். எட்வர்டு போத்தினை அண்டை வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் பள்ளிக்கூட வேலியோரம் சில தாய்ச்செடிகளை வளர்த்து, கவாத்தில் விழும் தண்டுகளைக் குப்பையில் எறியாமல் குடிகளுக்கு வழங்குவாராயின், செலவு ஏதுமின்றி இம்மலையின் வேலிகள் பூக்கும். வீட்டுச் செலவுக்குச் சிறு வரும்படியும் உண்டாகும்.