கிணற்றை மூடிவிட்டு ஊரைப் பாராட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. என் பழைய மாணவர்களில் பலர் உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் சொந்த வீடு வைத்திருக்கிறீர்கள். முக்கியமாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். திட்டுவதாக இருந்தால் கடைசி வரி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன சனி, ஞாயிறு சென்னையில் இருந்தேன். என்னோடு ஒரே பள்ளியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த கணக்கு சார், ஓய்வு பெற்றதும் உறையூர் வீட்டை விற்றுவிட்டு வேளச்சேரியில் மகனோடு தங்கிவிட்டார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன்.

தாம்பரத்தில் இறங்கி, வேளச்சேரிக்கு ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தில் ரயிலேறித் திருச்சிக்கே திரும்பியிருக்கலாம். ஏழாவது மாடியில் வீடு. குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். குடிக்கக் கேன் தண்ணீர். கோடையில் அந்தக் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் வராவிட்டால் குளியல் கிடையாதாம். சாயங்காலம் காற்றாட நடக்கலாம் என்று கீழே இறங்கினால், வண்டிகளுக்கு நடுவே நடக்க இடமில்லை.

ஞாயிறு ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். இன்னும் விடியவில்லை, கொள்ளிடம் பாலத்தில் வண்டி சத்தம் மாறியதும் விழித்துக்கொண்டேன். விளக்கு வெளிச்சத்தில் ராஜகோபுரம், அப்புறம் காவிரி, அப்புறம் மலைக்கோட்டை. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்து உறையூர் வந்து, நாச்சியார் கோவில் பக்கம் ஒரு டீ குடித்தபோது "அப்பாடா" என்று வந்தது பாருங்கள், அது பொய்யில்லை. உடனே செல்போனை எடுத்து, "சென்னையில் வாழ்பவர்கள் பாவம். நம்ம திருச்சி சொர்க்கம்" என்று தட்டினேன்.

ஆனால் பதிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணக்கு சார் கேட்ட ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பதிவுகள் இப்போது நிறைய வருகின்றன. இரண்டு நாள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வர வேண்டியது. வந்ததும் மலைக்கோட்டைப் படம் ஒன்று, கீழே "சொர்க்கமே என்றாலும்" ரகத்தில் நாலு வரி. ஐந்நூறு பேர் விருப்பம் தெரிவிப்பார்கள். நானும் போட்டவன்தான். இன்றைக்கு அதை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். இது சோம்பேறிப் பாராட்டு. ஊருக்கு ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல், ஊரின் பெருமையை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் வேலை.

முதலில் சென்னை நரகம் என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். சென்னை பிறக்கும்போதே இப்படியா இருந்தது? மாம்பலத்தில் ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். இன்றும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. என் நண்பர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். இப்போது மிஞ்சியது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதிலேயே பெருங்குடிக் குப்பை மேடு. 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்த்துக் கௌரவம் கொடுத்தார்கள். அதற்குள் 2015 டிசம்பர் வெள்ளம் வந்து போய்விட்டது. வேளச்சேரியில் தரைத்தளம் மூழ்கியது. தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தது, அவ்வளவுதான்.

மூழ்கிய அதே ஊர் நான்கே வருடத்தில் வறண்டது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர்.

இன்னொன்றும் சொல்கிறேன். நாம் பரிதாபப்படும் சென்னை குடிப்பதில் ஒரு பங்கு நம் ஆற்றுத் தண்ணீர். முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் போகும் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்கு. நாளைக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. சோழர் காலத்து ஏரி இன்றைக்கும் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிறது. நாம் கட்டிய எது நூறு வருடம் கழித்து எவனுக்காவது உதவும்?

இப்போது நம் சொர்க்கத்துக்கு வருவோம்.

உய்யக்கொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியில் பிரிந்து சுமார் 70 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆயிரம் வருடப் பழமை, ராஜராஜனின் பட்டப்பெயர். மேடையில் பேசும்போது எல்லோரும் இதைச் சொல்வோம். ஊருக்குள் அந்த வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். பாலத்தில் வண்டியை நிறுத்தாமலே குப்பைப் பையை வீசிவிட்டுப் போகிறவன் வெளியூர்க்காரனா? சாக்கடைக் குழாயை அதில் திருப்பியது சென்னைக்காரனா? அவர்களுக்குப் பெருங்குடி என்றால் நமக்கு அரியமங்கலம். 1977லும் 2005லும் ஆறுகள் பெருகி நம் தெருக்களுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம். இருந்தும் கோரையாற்றுக்கும் குடமுருட்டிக்கும் ஒட்டி மனை விற்றால் முதல் ஆளாக முன்பணம் கொடுக்கிறோம்.

சென்னையும் திருச்சியும் வேறு வேறு சாதி ஊர்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே பாதையில்தான் போகின்றன. அவர்கள் ஐம்பது வருடம் முன்னால் போகிறார்கள். நமக்குக் காவிரி பக்கத்தில் இருப்பதால் வலி தெரியவில்லை.

சரி, கணக்கு சார் கேட்ட கேள்வி. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல நான் ஆரம்பித்தேன். "எப்படி சார் இங்க இருக்கீங்க? நம்ம ஊரு மாதிரி வருமா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அது இருக்கட்டும் தமிழய்யா. உங்க வீட்டுக் கிணறு எப்படி இருக்கு?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கிணற்றில் அவர் வீட்டார் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, மாடியிலிருந்து கிணற்றுக்கு நானும் அவரும் நின்று குழாய் போட்டோம். வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதச் சொன்னேன். 2006ல் மகன் கார் வாங்கினான். நிறுத்த இடமில்லை. கிணற்றின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடினேன். குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டேன். போர் போட்டாயிற்று, கிணறு எதற்கு என்று நினைத்தேன்.

சொன்னேன். அவர் மேஜை மேலிருந்த மாத்திரைச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். "உங்க மாடி ஆயிரம் சதுர அடி. திருச்சியில வருஷத்துக்கு எண்பது சென்டிமீட்டர் மழைன்னு வச்சுக்குவோம். எழுபதாயிரம் லிட்டருக்கு மேல வருது. இங்க எங்களுக்கு வர்ற லாரி பன்னிரண்டாயிரம் லிட்டர். வருஷத்துக்கு ஆறு லாரித் தண்ணிய நீங்க சாக்கடையில விடுறீங்க ஐயா. நான் காசு கொடுத்து வாங்குறேன். யார் பாவம்?"

பதினெட்டு இருபது வருடத்தில் எத்தனை லாரி என்று அவர் சொல்லவில்லை. அதைப் பெருக்க நான் கணக்கு வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, உங்கள் ஒரு கிணற்றைத் திறந்தால் ஊர் திருந்திவிடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாக்கடைக் கழிவைச் சுத்திகரிப்பதும், ஆற்றங்கரையில் மனைக்கு அனுமதி மறுப்பதும் அரசின் வேலைதான். கேட்டு வாங்க வேண்டும். ஆனால் என் கிணற்றை எந்த அதிகாரியும் வந்து மூடவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து மூடியது நான். எங்கள் தெருவில் மட்டும் எனக்குத் தெரிந்து பதினோரு கிணறுகள் இப்படிப் போயின. பதினொன்றும் படித்தவர்கள் வீடு. நாலு பேர் வாத்தியார்கள்.

நம் வெக்காளியம்மனுக்குக் கூரை கிடையாது. மண்மாரியில் ஊர் அழிந்து மக்கள் வெட்டவெளியில் நின்றபோது, இவர்கள் எல்லோருக்கும் வீடு அமையும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் இருந்துவிட்டதாகச் சொல்கிறோம். அந்தக் கோவிலுக்குள் நின்றுகொண்டு நாம் என்ன வேண்டுகிறோம்? என் வீட்டுக்கு இன்னொரு மாடி. ஊர் மொத்தத்துக்கும் வீடு கேட்டவள் முன்னால், தன் வீட்டுக்கு மட்டும் கேட்க நமக்குக் கூச்சமாகவே இல்லை.

கிளம்பும்போது கணக்கு சார் ஒன்று சொன்னார். "நானும் அங்க இருந்தப்போ நம்ம ஊர் சொர்க்கம்னுதான் சொன்னேன். வித்துட்டு வந்தேன். வாங்கினவர் முதல் வேலையா கொல்லையில இருந்த வேப்பமரத்த வெட்டிட்டாராம். அவரும் இப்ப திருச்சி சொர்க்கம்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பார்." அவருக்குத் திரும்பி வர ஆசை. வர வீடில்லை. எனக்கு வீடு இருக்கிறது, கிணறும் இருக்கிறது, பலகைக்குக் கீழே.

வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார். பலகையை எடுத்துவிட்டு, கம்பி வலை போட்டு, குழாயைப் பழையபடி கிணற்றில் விடப் போகிறோம். மகன் காரைத் தெருமுனையில் நிறுத்திக்கொள்கிறேன் என்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒத்துக்கொண்டிருக்கிறான். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். செலவு எவ்வளவு என்று முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

உறையூர், தில்லைநகர், புத்தூர், ஸ்ரீரங்கம் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் மூடிய கிணறு இருக்கிறதா? எந்த வருடம் மூடினீர்கள், எதற்காக மூடினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மலைக்கோட்டைப் படத்தை அப்புறம் போடலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா