வாயிலோன் யாருடையவன்?

பெருமனைகளுக்கு வாயிலோன் வேண்டுமென்பது பண்டை மரபு. வருவோரெல்லாம் நேரே உட்புகுவராயின், மனையிலுள்ளார் தம் தொழிலைச் செய்தல் இயலாது. இக்காலத்து இணையதளங்களுக்கும் இஃது ஒக்கும். முகப்பில் ஒரு சர்வர் நின்று, வருவோர் வேண்டுகோளை ஏற்று, உள்ளிருக்கும் சர்வர்களிடம் சேர்த்து, அவை தரும் விடையைக் கொணர்ந்து கொடுக்கும். இதனை ரிவர்ஸ் பிராக்ஸி என்பர். யாம் இதனை வாயிலோன் என்றே வழங்குவோம்.

இதனால் எய்தும் பயன் பல. ஒரு கல்லூரியின் நூலகப் பட்டியல் ஒரு கணிப்பொறியிலும், தேர்வு முடிவுகள் மற்றொன்றிலும் இருத்தல் கூடும். கேட்கப்படும் பக்கத்தின் முகவரியை நோக்கி, வாயிலோன் உரிய இடத்திற்கு அனுப்புவான். வந்தோர்க்கு எல்லாம் ஒரே தளமாய்த் தோன்றும். பலரும் கேட்கும் பக்கங்களைப் படியெடுத்து வைத்துத் தானே வழங்கவும் வல்லன். உள்ளிருப்பனவோ வெளியுலகிற்கு நேரே திறவாமல் காப்புற்றிருக்கும்.

இத்தொழிற்குரிய நிரல்களுள் என்ஜின்எக்ஸ் பெயர் பெற்றது. உருசிய நாட்டினராகிய ஈகார் சிசோயெவ் என்பார் இதனை 2002-இல் எழுதத் தொடங்கி, 2004-இல் யாவர்க்கும் விலையின்றி வெளியிட்டார். ஒரே காலத்தில் 10,000 தொடர்புகளை ஒரு சர்வர் தாங்குவது எங்ஙனம் என்பதே அவர் முன் நின்ற வினா. இதன் அமைப்புக் கோப்பில் 'பிராக்ஸி பாஸ்' என்னும் ஒரு வரி, உள்ளிருக்கும் சர்வரின் முகவரியைக் காட்டும். வந்தவர் யாவரென அறிவிக்கும் 'எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்' என்னும் தலைப்பையும் உடன் அமைத்தல் வேண்டும். அஃதின்றேல், வருவோர் எத்துணையராயினும், வாயிலோன் ஒருவனே வந்தானென உள்ளிருக்கும் சர்வர் கொள்ளும். வெளியார் தாமே எழுதிக் கொணரும் தலைப்பை அவன் அப்படியே நம்புதலும் தகாது. சிலப்பதிகாரத்து வாயிலோன், கண்ணகி நின்ற நிலையைப் பாண்டியனுக்கு உள்ளவாறு உரைத்தான் அன்றோ? உள்ளது உரைத்தலே வாயிலோனுக்கு அறம்.

இனி, எம் கருத்திற்கு வருவாம். வருவோர் அனுப்பும் செய்தி மறைகுறியீட்டால் முத்திரையிடப்பட்டே வரும். அம்முத்திரையை உடைப்பவன் பெரும்பாலும் வாயிலோனே. கடவுச்சொல்லும், மதிப்பெண்ணும், கட்டண விவரமும் அவன் கண்ணிற் படாமற் போகா. ஆதலின், அவன் யாருடைய ஊழியன் என்னும் வினா பெரிதாகின்றது. பல நிறுவனங்கள் இப்பணியை அயல்நாட்டுப் பெருங்குழுமங்களிடம் ஒப்புவித்துவிட்டு அமைதியுறுகின்றன. 2017 பிப்ரவரியில், அத்தகையதொரு குழுமமாகிய கிளவுட்ஃபிளேரின் நிரலிற் கிடந்த பிழையால், ஒரு தளத்தாரின் மறைச்செய்திகள் வேறு தளங்களின் பக்கங்களிற் கசிந்தமை வெளிப்பட்டது. தேடுபொறிகளும் அவற்றைப் படியெடுத்து வைத்திருந்தன.

பெருந்தாக்குதல்களைத் தாங்கும் வலிமை அக்குழுமங்களுக்கே உண்டெனச் சிலர் கூறுவர். அது மெய்யே. யாவரும் படிக்கும் பக்கங்களை அவர்பால் விடுதல் குற்றமன்று. மாணவர்தம் மறைச்செய்தி செல்லும் வாயிலிலோ, கல்லூரியின் சொந்த வாயிலோனே நிற்றல் வேண்டுமென்பது எம் துணிபு. நிரலுக்கு விலையில்லை. முத்திரைக்கு வேண்டிய சான்றிதழையும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு 2015 முதல் இலவசமாய் வழங்கி வருகின்றது.

எனினும், நிறுவியதோடு பணி முடிவதன்று. சான்றிதழைக் காலந்தோறும் புதுப்பித்தலும், நிரலின் குறைகளைத் திருத்திய புதுப் பதிப்புகளை ஏற்றலும் இடையறாது நிகழவேண்டும். வாயிலோன் ஒருவன் வீழின் மனை முழுதும் அடைபடும். ஆகவே, இப்பணியை ஒருவர் தலைமேற் சுமத்தாது, ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் மாணவர் சிலர் பயின்று, தமக்குப் பின் வருவோர்க்கும் பயிற்றிச் செல்லுதல் நன்று. வாயில் காத்தலை நம் மறைநூல் தாழ்ந்த பணியெனக் கருதிற்றில்லை. நாமும் அங்ஙனம் கருதாது, நம் வாயிலை நாமே காப்போமாக.