பாலாறு ஓரத்து மக்களே... அமிர்தி போயிருக்கீங்களா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் காலேஜ் படிக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு சின்ன டெஸ்ட். பாலாறுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மணல், சீமைக்கருவேல முள்ளு, சண்டே கிரிக்கெட், மூக்கைப் பொத்திக்கிட்டு பஸ்ல கடக்கிற பாலம்... கரெக்ட்டா? தண்ணின்னா 2021 நவம்பர்தான். ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வெள்ளம் வந்தப்ப ஊரே பாலத்து மேல நின்னு செல்போன்ல படம் பிடிச்சுது.

மத்த நாள்ல எல்லாம் நம்ம ஜனங்க ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க: ‘‘ஆறு செத்துப்போச்சுப்பா!’’

அவசரப்படாதீங்க. வேலூர்லேர்ந்து சுமார் 25 கிலோ மீட்டர்ல, ஜவ்வாது மலை அடிவாரத்துல, பாலாத்தோட சொந்தக்கார ஆறு ஒண்ணு இன்னும் உயிரோட இருக்கு. ஊர் பேரு அமிர்தி. திருவண்ணாமலை ரோட்டுல கணியம்பாடி வரைக்கும் போய், மலையைப் பார்த்துத் திரும்பணும். டவுன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். திடீர்னு பார்த்தா ரெண்டு பக்கமும் காடு. 1967-ல ஆரம்பிச்ச சின்ன உயிரியல் பூங்கா ஒண்ணு அங்கே இருக்கு. மான், மயில் பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும். நான் சொல்ல வந்தது அதுக்குப் பின்னாடி இருக்கிற காட்டாறு.

அங்கே போட் ஹவுஸ் கிடையாது. வாட்டர் பார்க் கிடையாது. பாறை, மரம், அதுக்கு நடுவுல தண்ணி... அவ்வளவுதான். மழை முடிஞ்ச கையோட, நவம்பர் கடைசியிலேர்ந்து பொங்கல் வரைக்கும் போனா, தண்ணிக்கு அடியில கிடக்கிற கூழாங்கல்லைக்கூட எண்ணலாம். காலை நனைச்சா ஜிலீர்னு மண்டை வரைக்கும் ஏறும். ஏப்ரல்ல போய்ட்டு ‘‘வெறும் பாறைதானே இருக்கு’’னு என்னைத் திட்டாதீங்க. அது மழையை நம்பி ஓடற ஆறு பாஸ், நம்ம அரியர் மாதிரி வருஷம் பூரா வராது!

இந்தத் தண்ணி எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ரூட் செம சுவாரஸ்யம். இந்தக் காட்டுலதான் நாகநதி பொறக்குது. கண்ணமங்கலம் வழியா ஆரணிப் பக்கம் போய்க் கமண்டல நதியோட சேர்ந்து கமண்டல நாகநதி ஆகுது. அப்புறம் செய்யாறு. கடைசியில காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல்ல பாலாத்தைப் பிடிக்குது. மேப்பை எடுத்து விரல் வெச்சுப் பாருங்க. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை... ஒண்ணையும் தொடாம, டேனரி ஊர்கள் எல்லாத்தையும் தாண்டின பிறகுதான் இது பாலாத்துல கலக்குது. அதாவது, நம்ம ஊர்ப் பாலாறு எப்படி இருந்திருக்கணும்னு தெரியணும்னா, நம்ம ஊருக்கே வராத இந்தத் தண்ணியைத்தான் போய்ப் பார்க்கணும். கொடுமைதான்!

நம்ம பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு 1996 ஆகஸ்ட்ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புல இருக்கு. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ வீணாப்போச்சுன்னும் அதே தீர்ப்புல இருக்கு. வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். நாடு முழுக்க சட்டக் கல்லூரிகள்ல இன்னைக்கும் படிக்கிற கேஸ் இது. 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாத்து மாசுக்கு நஷ்டஈடு, கண்காணிப்புக் குழுன்னு உத்தரவு போட்டுது. முதல் தீர்ப்பு வந்தப்ப உங்கள்ல பல பேர் பொறக்கவே இல்லை.

அதுக்காக டேனரியை மட்டும் திட்டிட்டுப் போறது ரொம்ப ஈஸி. உங்க ஃப்ரெண்ட்ஸ்ல எத்தனை பேரோட அம்மா ஷூ கம்பெனி பஸ்ல வேலைக்குப் போறாங்கன்னு கேட்டுப் பாருங்க. செமஸ்டர் ஃபீஸே அந்தத் தோல்லேர்ந்துதான் வந்திருக்கும். விஷயம் அவ்வளவு சிக்கலானது.

இன்னொரு மேட்டர். அமிர்தியில தண்ணி ஓடினாலும், கீழே நாகநதி பல வருஷம் வறண்டுதான் கிடந்தது. அதை மீட்டது இன்ஜினீயரிங் படிச்ச யாரோ இல்லை, நூறு நாள் வேலைக்கு வந்த நம்ம அக்காக்கள்! வாழும் கலை அமைப்பு திட்டம் போட, சுமார் 20,000 பெண்கள் சேர்ந்து சின்னச் சின்னத் தடுப்பணை கட்டினாங்க. மழைத்தண்ணி மேலாக்க ஓடிப் போயிடாம நேரா பூமிக்குள்ள இறங்கறதுக்கு உறை இறக்கிக் கிணறு தோண்டினாங்க. நிலத்தடி நீர் ஏறுச்சு, ஆறும் திரும்பி வந்தது. 2021 செப்டம்பர்ல பிரதமர் ‘மனதின் குரல்’ல இந்த நதியைப் பத்திப் பேசினார். பக்கத்து ஊர்லயே இருக்கிற நமக்குத்தான் தெரியாது!

சரி, கிளம்பறீங்களா? சில கண்டிஷன். பூங்கா கவுன்ட்டர்ல கேட்டுட்டுத்தான் ஆத்துப் பக்கம் போகணும். வனத்துறை வேணாம்னா வேணாம்தான், திரும்பி வந்துடுங்க. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள நுழையறது சட்டப்படி குத்தம். பாசி பிடிச்ச பாறை மேல நின்னு செல்ஃபி எடுக்கற ஹீரோயிஸம் சுத்தமா வேணாம். முக்கியமா, உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சாலும் மலை மேல மழை பேஞ்சிருக்கலாம். தெளிஞ்ச தண்ணி செம்மண் கலருக்கு மாறி, சருகு மிதந்து வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கரையேறிடணும். பையை அப்புறம் தேடிக்கலாம்.

ஆம்பூர் பிரியாணி பார்சல் கட்டாயம் வரும், தெரியும். கத்திரிக்காயையும் சேர்த்துச் சாப்பிடுங்க, ஆனா கவரையும் தண்ணி பாட்டிலையும் வந்த பையிலயே திரும்ப எடுத்துட்டுப் போங்க. அங்கே பெருக்கறதுக்கு ஆள் கிடையாது. குரங்கு கிட்ட பார்சலைப் பறிகொடுத்தா அதுக்கு நான் பொறுப்பில்லை.

போய்ட்டு வந்ததும் ‘‘ரோடு போடலாம், படிக்கட்டு கட்டலாம், கடை வைக்கலாம்’’னு உங்க கேங்ல யாராவது ஆரம்பிப்பாங்க. அவங்களைத் திரும்பி வர்ற வழியில நாகநதிக் கரையில இறக்கி, அந்தக் கிணறுல ஒண்ணைக் காட்டுங்க.