வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க சரி... அள்ளிட்டு வர்றீங்களா?

காலை 6 மணி. வாசல் தெளித்து, கோலம் போட்டு முடித்துவிட்டு அந்தப் பெண் நிமிர்கிறார். கோலத்துக்கு இரண்டடி தள்ளி, தெருமுனை வீட்டு லேப்ரடார் உட்கார்ந்து தன் வேலையை முடிக்கிறது. கயிற்றைப் பிடித்திருப்பவர் செல்போனைப் பார்த்தபடி நிற்கிறார்.

“சார், அதைக் கொஞ்சம் அள்ளிட்டுப் போங்க...”

“வாயில்லா ஜீவன்மா, அதுக்கு என்ன தெரியும்?”

அதற்குத் தெரியாதுதான். ஆனால், கயிற்றின் இந்த முனையில் இருப்பவருக்குத் தெரியுமே!

சென்னை தொடங்கி சின்ன ஊர்கள் வரை, நாய் வளர்க்கும் தெருக்களில் அடிக்கடி நடக்கும் சண்டை இது. பலரும் இதை வெறும் நாற்றப் பிரச்னையாகவே பார்க்கிறார்கள். உண்மையில் இது உடல்நலப் பிரச்னை.

காய்ந்த பிறகுதான் ஆபத்து!

நாயின் குடலில் வாழும் உருண்டைப்புழு ஒன்று உண்டு. பெயர், டாக்சோகாரா கேனிஸ். இதன் முட்டைகள் கழிவோடு வெளியேறுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த முட்டைகள், வெளியே வந்த உடனே யாருக்கும் தொற்றுவதில்லை. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகின்றன. அதற்குள் கழிவு காய்ந்து, மழையில் கரைந்து காணாமல் போயிருக்கும். முட்டைகள் மட்டும் மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட இருக்கும்.

அந்த மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைத்தால், முட்டைகள் வயிற்றுக்குள் போகும். பலருக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்கு இளம்புழுக்கள் கல்லீரல், நுரையீரல் வரை போகும். அரிதாகக் கண்ணுக்குள் சென்று பார்வையையே பாதிக்கலாம். ‘தானா காய்ஞ்சுடும்’ என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். உடனே அள்ளிவிட்டால், ஆபத்து மண்ணில் இறங்கும் முன்பே முடிந்துவிடும்.

இன்னொன்று கொக்கிப்புழு. இதன் இளம்புழுக்கள் வெறுங்காலில் தோல் வழியாகவே நுழையும். தோலில் வளைந்து வளைந்து சிவப்புக் கோடு போல அரிப்பு எடுக்கும். கோயில், கடற்கரை, வாசல் என்று வெறுங்காலோடு நடப்பவர்கள் நாம். கவனம் கொஞ்சம் கூடுதலாகவே தேவை.

மற்ற நாய்களுக்கும் இதனால் ஆபத்து உண்டு. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் கழிவு வழியாகப் பரவி மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். தடுப்பூசி போடாத குட்டி அந்த இடத்தை மோந்து பார்த்தாலே போதும்.

“சாணம் உரம்தானே, இது மட்டும் என்ன?”

மாடு புல்லையும் வைக்கோலையும் தின்கிறது. நாயின் உணவும் குடலும் வேறு. அதன் கழிவில் மனிதருக்குத் தொற்றக்கூடிய புழுக்களும் கிருமிகளும் இருக்கலாம். வீட்டு உரத்தொட்டியில் எழும் சூடு அவற்றைக் கொல்லப் போதாது. எனவே, செடிக்குப் போடும் உரத்தில் கலக்கவே கூடாது.

மழை பெய்தால் இதெல்லாம் மழைநீர் வடிகாலுக்குள் போகும். வடிகால் நீர் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் ஆற்றிலும் கடலிலும் சேரும். நியூயார்க்கில் 1978-லிருந்தே, நாயின் கழிவை உரிமையாளர்தான் அள்ள வேண்டும் என்பது சட்டம்.

“தெருநாய் போறதை யார் அள்றாங்க?”

நியாயமான கேள்விதான். தூய்மைப் பணியாளர்தான் அள்ளுகிறார். காய்ந்த இலைகளோடு சேர்த்துக் கூட்டும்போது துடைப்பத்தில் ஒட்டும், சில நேரம் கையிலும் படும். தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை. உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்கள். அவர் சுமையில் இன்னொன்றைக் கூட்டாமல் இருக்கலாமே!

எப்படி அள்ளுவது?

* நாய் உட்காரும்போதே பழைய செய்தித்தாளைப் பின்னால் நீட்டிவிடுங்கள். தரையில் படாமலே வேலை முடியும்.
* தரையில் போய்விட்டால், கழுவிக் காயவைத்த பால் கவரைக் கையுறை போல மாட்டி அள்ளி, அப்படியே உள்பக்கம் திருப்பிக் கட்டிவிடலாம். மிச்சத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர்.
* வீட்டுக்கு வந்ததும் கழிவை மட்டும் டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் விடலாம். இல்லையென்றால் நன்றாகக் கட்டி, மட்கும் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். சாக்கடையில் வீச வேண்டாம்.
* கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுங்கள். தாயின் வயிற்றிலேயே புழு தொற்றும் என்பதால் குட்டிகளுக்கு இது மிக முக்கியம்.
* கடைசியாக, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

அபார்ட்மென்ட்டுகளில் ‘நாய் வளர்க்கவே கூடாது’ என்ற பேச்சு பெரும்பாலும் இந்தப் புகாரிலிருந்துதான் கிளம்புகிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்கின்றன. அதே வழிகாட்டுதல்கள்தான், பொது இடத்தில் நாய் அசுத்தம் செய்தால் சுத்தம் செய்யும்படி உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கின்றன.

அந்த லேப்ரடார்காரர் தன் வீட்டு வாசலில் நாயை ஒருநாளும் உட்கார விடுவதில்லை. நான்கு வீடு தாண்டித்தான் கூட்டி வருகிறார். வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. நாளைக் காலை ஒரு பழைய பேப்பரையும் கையோடு எடுத்து வந்தால் போதும், கோலம் போடுபவர் அந்த நாயைத் தடவிக்கொடுக்கக்கூடச் செய்வார்.